நிலமில்லாதவர் விவசாயி இல்லையா?

நாற்று பறிக்கவும், நடவு நடவும், களை எடுக்கவும், மடை திறந்து கட்டவும், கதிர் அறுத்துக் களம் சேர்க்கவும் தெரிந்தவருக்கு வேளாண்மை தெரியும். ஆனால், அரசுப் பதிவேட்டில் அவர் விவசாயி அல்ல. சிட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விவசாயி. அவர் வயலில் இறங்கி இருபது ஆண்டு ஆகியிருக்கலாம், வெளிநாட்டில்கூட இருக்கலாம். பயிற்சிக்கு அழைப்பு அவருக்குத்தான் வரும். மானியமும் அவருக்குத்தான் போகும்.

வேளாண் கல்விக்கும் வேளாண் தொழிற்பயிற்சிக்கும் ஒன்றிய அரசும் மாநில அரசும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்குகின்றன. அதில் பட்டியலின மக்களுக்கென்று தனிப் பங்கும் உண்டு. அந்தப் பணம் சேரித் தெருவரை வந்து சேருகிறதா, வராவிட்டால் எந்த மடையில் தடுக்கப்படுகிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

திருவாரூர், நாகை மாவட்டங்களில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்களில் 34 விழுக்காட்டினர் பட்டியலினத்தவர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. அன்றைய பிரிக்கப்படாத நாகை மாவட்டத்தில் 31 விழுக்காடு. டெல்டாவின் நெல்லை விளைவிக்கும் கைகளில் பெரும்பாலானவை இவர்களுடையவை. அதே கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும் வேளாண்மையில் உழைக்கும் பட்டியலினத்தவரில் பத்துக்கு ஏழு பேர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்பவர்கள். ஆகவே, 'நிலம் இருந்தால்தான் பயிற்சி, பட்டா இருந்தால்தான் மானியம்' என்று ஒரு விதி எழுதப்படும்போது அதில் சாதிப் பெயர் எதுவும் இருக்காது. ஆனால், அது யாரை வெளியே நிறுத்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சொல்லில் இருக்கிறது சூட்சுமம்

எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் 2004-ல் அமைக்கப்பட்ட தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, 2007-ல் தேசிய விவசாயிகள் கொள்கை வெளியானது. அந்தக் கொள்கை 'விவசாயி' என்ற சொல்லுக்கு விரிவான பொருள் தந்தது. நில உடைமையாளர் மட்டுமல்லாமல் குத்தகைதாரர், வாரதாரர், வேளாண் தொழிலாளர், ஆடு மாடு கோழி வளர்ப்போர், மீனவர் என அனைவரும் விவசாயிகளே என்று அது சொல்லியது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நடைமுறையில் எந்த அலுவலகத்திலும் அந்த விளக்கம் செல்லுபடி ஆவதில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமேகூட நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டும்தான்.

சிறு, குறு விவசாயி சான்று இருந்தால் மானியம் கூடும். அந்தச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகம் கேட்பது சிட்டா, அடங்கல். நம் மக்களில் பலர் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் தலைமுறையாகச் சாகுபடி செய்கிறார்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தது. இருந்தும் வாய்வழிக் குத்தகையே இன்றும் தொடர்கிறது. பதிவில் பெயர் ஏறாத குத்தகைதாரர் பயிர் வைத்தாலும் விவசாயி அல்ல. வெள்ளத்தில் பயிர் போனாலும் விவசாயி அல்ல.

பயிற்சிக்கான ஆள்தேர்வைப் பற்றிக் கேட்க நாம் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். "உங்க ஆளுங்களுக்கு நிலம் இருக்கா? நிலம் இல்லாதவங்களுக்குப் பயிற்சி கொடுத்து என்ன ஆகப்போவுது?" என்று கேட்டார்கள். கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார். அதனால்தான் அந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடுபவருக்கா, நிலக்காரருக்கா?

திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்வோம். 14 நாள் வயதுள்ள இளம் நாற்று, குத்துக்கு ஒரு நாற்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு. கோனோவீடர் ஓட்டிக் களையை மண்ணுக்குள்ளேயே அமுக்குவது. விதை குறைவு, தண்ணீர் குறைவு, தூர் கட்டுவது அதிகம். இதில் எந்த வேலையை நிலக்காரர் தன் கையால் செய்கிறார்? இளம் நாற்றை வேர் அறுபடாமல் எடுப்பதும், மார்க்கர் போட்ட கோட்டில் ஆழம் பார்த்து வைப்பதும் நடவு நடும் பெண்கள். பயிற்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் நிலக்காரர். பயிற்சி பெறாத பெண்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, "இந்தப் பொம்பளைகளுக்குச் சதுர நடவு வரமாட்டேங்குது" என்று சலித்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். சொல்லித் தராதது யார் குற்றம்?

மருந்து அடிப்பதும் இதே கதைதான். தெளிப்பானை முதுகில் சுமப்பவர் கூலித் தொழிலாளர். எந்த மருந்து எவ்வளவு வீரியம், காற்று எந்தப் பக்கம் வீசும்போது அடிக்கக் கூடாது, கையுறை, முகக்கவசம் ஏன் வேண்டும், மயக்கம் வந்தால் முதலில் என்ன செய்வது என்பதெல்லாம் அவருக்குச் சொல்லித்தரப்பட வேண்டியவை. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் தொழிலாளர்களுமாக இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்து டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களின் பொருள் எத்தனை தொழிலாளர்களுக்குத் தெரியும்? இங்கே பயிற்சி என்பது உயிர் பற்றிய விஷயம்.

அதே நேரம் மருந்து விற்பவருக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று பாருங்கள். வேளாண் படிப்பு இல்லாத இடுபொருள் கடைக்காரர்களுக்காக 48 வாரப் பட்டயப் பயிற்சி ஒன்று நடத்தப்படுகிறது. அதன் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம்தான்; குறை சொல்லவில்லை. ஆனால், கடை வைத்திருப்பவருக்கு ஓராண்டுப் பயிற்சி, நிலம் வைத்திருப்பவருக்குச் செயல்விளக்கப் பயிற்சி, உழைப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றும் இல்லை என்பது என்ன நியாயம்?

நிலம் கேட்காத பயிற்சிகள்

ஒன்றும் இல்லை என்று சொன்னோம். முழுக்க அப்படியும் இல்லை. ஏட்டில் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன. தட்டுவதற்கு நமக்குத்தான் தகவல் வருவதில்லை.

வேளாண் அறிவியல் நிலையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. நாகைக்குச் சிக்கலில், திருவாரூருக்கு நீடாமங்கலத்தில் நிலையங்கள் உள்ளன. இவற்றின் செலவை ஒன்றிய அரசின் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் ஏற்கிறது. உழவர்களுக்கு மட்டுமின்றி ஊரக இளைஞர்களுக்குப் பயிற்சி தருவதும் இவற்றின் கடமை. காளான், தேனீ, நாற்றங்கால், மண்புழு உரம், விதை உற்பத்தி போன்றவற்றுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை. வேளாண் திறன் கவுன்சிலின் 200 மணி நேரச் சான்றிதழ்ப் பயிற்சிகளும் இந்நிலையங்கள் வழியாக நடக்கின்றன.

'ஆத்மா' திட்டத்தின் கீழ் ஊரக இளைஞர் திறன் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஒரு குழுவுக்குப் 15 பேர், 7 நாள் பயிற்சி. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் உணவும் தங்குமிடமும் சேர்த்தே இலவசம். கறவை மாடு, ஆடு வளர்ப்பு, காளான் முதலிய பயிற்சிகள் அங்கே தரப்படுகின்றன.

இதைத் தவிர, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பட்டியலினத் துணைத் திட்ட நிதி தனியாக வருகிறது. பட்டியலின உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பயிற்சி தரவும் கருவிகள் தரவும் வருகிற பணம் அது. நாம் பார்த்த சில இடங்களில் அது எப்படிச் செலவாகிறது தெரியுமா? காலையில் பந்தல், மதியம் சாப்பாடு, ஆளுக்கு ஒரு தெளிப்பான் அல்லது தார்ப்பாய், பின்னால் பதாகை வைத்து ஒரு புகைப்படம். மாலையில் கணக்கு முடிந்துவிடும். தார்ப்பாய் பயன்படாது என்று சொல்லவில்லை. ஆனால், தார்ப்பாய் கொடுப்பதற்குப் பெயர் பயிற்சி அல்ல.

கூலி வேலை செய்பவருக்குப் பயிற்சி என்றால் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏழு நாள் பயிற்சி என்றால் ஏழு நாள் கூலி போய்விடும். நிலக்காரர் ஏழு நாள் வகுப்பில் உட்காரலாம். அவர் வயலில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். நடவுக்குப் போகும் பெண் ஒரு நாள் உட்கார்ந்தாலும் அன்றைக்கு அடுப்பு எரிவது சிரமம். கூலி இழப்பை ஈடுகட்டும் உதவித்தொகை இல்லாத பயிற்சி, உழைப்பாளிக்கான பயிற்சியே அல்ல.

இயந்திரம் வந்தது, ஓட்டுநர் யார்?

டெல்டாவில் அறுவடைக் கூலி என்பது ஒரு காலத்தில் ஆண்டு முழுக்கச் சோறு. இன்றைக்கு வயலில் பெல்ட் வண்டி இறங்கினால், ஒரு தெருவே பல நாள் அறுக்கும் கதிரைச் சில மணி நேரத்தில் அறுத்துக் கொட்டிவிடுகிறது. வண்டியும் ஓட்டுநரும் பெரும்பாலும் வெளி மாவட்டத்திலிருந்து வருகிறார்கள். பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் நடவையும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இயந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதுகு ஒடியக் குனிந்து நட்டவர்கள் இயந்திரத்தை வெறுக்க எந்தக் காரணமும் இல்லை. இயந்திரத்தால் வேலை இழந்தவருக்கே அந்த இயந்திரத்தை ஓட்டும் பயிற்சியில் முதல் இடம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இயந்திர மானியத்திலும் நமக்குத் தனி விகிதம் இருக்கிறது. பொதுவாக 40 விழுக்காடு என்றால் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள், சிறு குறு விவசாயிகளுக்கு 50 விழுக்காடு. தமிழ்நாடு அரசு வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வெளியிடத் தொடங்கிய பின், ஆதிதிராவிட, பழங்குடியினச் சிறு குறு விவசாயிகளுக்கு மேலும் 20 விழுக்காடு கூடுதல் மானியத்தை அறிவித்தது. ஆக 70 விழுக்காடு. கேட்க இனிக்கிறது. ஆனால், முதல் நிபந்தனை சிறு குறு விவசாயி சான்று. பல திட்டங்களில் மானியம் பின்னேற்பாக வருகிறது. முழுப் பணத்தையும் முதலில் புரட்டக் கூடியவருக்கே அது பயன்படும். சான்றும் இல்லை, முன்பணமும் இல்லை என்றால் 70 என்ன, 90 விழுக்காடு மானியம் அறிவித்தாலும் அது விளம்பரப் பலகையில்தான் இருக்கும்.

ஆண்டு இறுதியில் 'தகுதியான பயனாளிகள் கிடைக்கவில்லை' என்று ஒரு குறிப்பு எழுதப்படும். பயனாளி கிடைக்காததற்குக் காரணம் நிலமில்லாமை. நிலமில்லாமைக்குக் காரணம் சாதி. சாதியால் வந்த இழப்பை ஈடுசெய்ய ஒதுக்கிய பணத்தை, அதே இழப்பைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள்.

வெண்மணி வட்டத்தில் ஒரு வேளாண் கல்லூரி

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். வெண்மணி இன்று இருப்பது கீழ்வேளூர் வட்டத்தில். அதே கீழ்வேளூரில் 2021-ல் அரசு வேளாண் கல்லூரி தொடங்கப்பட்டது. வெண்மணி வட்டாரத்துக் கூலித் தொழிலாளியின் பிள்ளைகள் அந்த வகுப்பறையில் எத்தனை பேர் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

வேளாண் பட்டப்படிப்புக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம். பட்டியலினத்தவருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடு. 2021 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்கள்; அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளிகளில் வேளாண் அறிவியல் தொழிற்கல்விப் பிரிவு படித்தவர்களுக்கும் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தனி இடங்கள் உண்டு. கொடுமை என்னவென்றால், பல பள்ளிகளில் அந்தத் தொழிற்கல்விப் பிரிவையே மூடிக்கொண்டு வருகிறார்கள். ஆசிரியர் ஓய்வு பெற்றால் பணியிடம் நிரப்பப்படுவதில்லை. பணியிடம் போனால் பிரிவு போகிறது. பிரிவு போனால் அந்த இடங்களுக்குப் போட்டியிட நம் பிள்ளை இல்லை.

பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944-ல் தொடங்கியது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் போராடிப் பெற்ற உரிமை அது. இப்போது ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் நிதி தருகின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாநிலப் பங்கு வந்த பிறகே ஒன்றியப் பங்கு வரும். பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் இணைக்காத கணக்கு, பெயரில் ஓர் எழுத்துப் பிழை, வருமானச் சான்று காலாவதி என்று எது நேர்ந்தாலும் பணம் நிற்கும். பணம் நின்றால் கல்லூரி காத்திருப்பதில்லை. தேர்வுக்கு நுழைவுச் சீட்டு தர மறுக்கும் தனியார் கல்லூரிகளைப் பற்றி நமக்குப் புகார்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்கு ஒன்றிய அரசின் இத்திட்டம் பொருந்தாது. மாநில அரசின் நிதியில்தான் உதவி கிடைக்கிறது. இதைத் தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டவர்களும் உண்டு.

பட்டம் முடித்தவர்களுக்கு 2002 முதல் ஒரு திட்டம் இருக்கிறது: வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையம். 45 நாள் இலவசப் பயிற்சி; அதன் பின் தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடன்; பொதுவாக 36 விழுக்காடு மானியம், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 44 விழுக்காடு. 20 லட்சத்துக்கு 44 விழுக்காடு என்றால் 8.80 லட்சம் ரூபாய். நம் பிள்ளை ஊர்க் கடைத்தெருவில் உரக்கடை வைப்பதையும், மண் பரிசோதனை செய்து ஆலோசனை சொல்வதையும் எண்ணிப் பாருங்கள். தாத்தா எந்த மிராசுதார் வாசலில் கைகட்டி நின்றாரோ, அந்த வீட்டார் பேரனிடம் வந்து "தம்பி, பயிர் மஞ்சளிக்குது, என்ன பண்ணலாம்?" என்று கேட்பார்கள். வேளாண் கல்வி நமக்குத் தரக்கூடியது வேலை மட்டுமல்ல. அது ஊருக்குள் நிற்கும் இடத்தை மாற்றும். தடை வங்கியில் இருக்கிறது. பிணைக்குச் சொத்து கேட்கிறார்கள். சொத்து இல்லாததால்தானே 44 விழுக்காடு!

நிலமும் கல்வியும்

பயிற்சி நிலத்துக்கு மாற்று அல்ல. 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால், நிலம் கிடைக்கும்போது அதை நிறுத்திக்கொள்ளக் கல்வி வேண்டும். இதே மண்ணில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் இயக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை வாங்கி நிலமற்ற பெண்களின் பெயரில் பதிவு செய்தது. கூலிக்காரப் பெண் நிலக்காரியாக முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது தாட்கோ வழியாக 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்' செயல்படுகிறது. நிலமற்ற பெண்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். இத்திட்டத்தில் நிலம் பெறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் பருவத்திலேயே வேளாண் அறிவியல் நிலையப் பயிற்சியும் இடுபொருளும் தானாகச் சேர வேண்டும். நிலம் ஒரு துறை, பயிற்சி ஒரு துறை, கடன் ஒரு துறை என்று பிரித்து வைத்தால் அந்தப் பெண் மூன்று வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

என்ன செய்யலாம்?

2024-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. துணைத் திட்ட நிதி இனி சலுகை அல்ல, சட்டப்படியான கடமை. அந்தச் சட்டத்தை வயல்வரை இழுத்து வருவது நம் வேலை.

முதலாவது, பயிற்சிப் பயனாளி தேர்வுக்குச் சிட்டா கேட்பதை நிறுத்த வேண்டும். வேளாண் தொழிலாளர் நல வாரிய அட்டையோ, ஊரக வேலைத் திட்ட அட்டையோ போதும் என்று ஆணை பிறப்பிக்க வேண்டும். இரண்டாவது, கூலித் தொழிலாளர் பயிற்சிக்கு அன்றாடக் கூலிக்கு இணையான உதவித்தொகை வேண்டும். மூன்றாவது, அறுவடை இயந்திரம், நடவு இயந்திரம், டிரோன் இயக்கும் பயிற்சிகளில் டெல்டாவின் மக்கள்தொகை விகிதப்படி மூன்றில் ஒரு பங்கு இடம் பட்டியலின இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வேண்டும். நான்காவது, துணைத் திட்ட நிதியில் நடந்த பயிற்சிகளின் பயனாளிகள் பட்டியலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில், 'நமது ஊராட்சியில் கடந்த ஆண்டு வேளாண் பயிற்சி பெற்ற பட்டியலினத்தவர் யார் யார்?' என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதையே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். படித்த பிள்ளைகள் உழவன் செயலியில் வரும் பயிற்சி அறிவிப்புகளைத் தெருவில் வாசித்துச் சொல்லுங்கள். பிளஸ் ஒன் சேரும் பிள்ளையின் பெற்றோரிடம், வேளாண்மைப் படிப்பு என்றால் மறுபடியும் சேற்றில் இறங்குவது என்று அர்த்தமல்ல என்று எடுத்துச் சொல்லுங்கள்.

சேற்றில் இறங்க நமக்கு வெட்கம் இல்லை. அந்தச் சேற்றில்தான் இந்த நாட்டுக்குச் சோறு விளைந்தது. கைக்கு இருந்த அறிவைச் சான்றிதழாக மாற்றிக் கொடுங்கள், அந்தச் சான்றிதழுக்கு உரிய நிலத்தையும் நிதியையும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். கேட்பது தானம் அல்ல. நமக்கென்று ஏற்கனவே ஒதுக்கிவைத்த பணத்தைத்தான்.